ஆறாவது மணிக்கு மேல்

சென்னை
2 ஜூன் 2025

பங்கேற்பாளர் எண் 17, செல்வி தமிழ்நிலா அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரியில் நெய்வேலி டவுன்ஷிப் சமுதாயக் கூடத்தில் உங்கள் கண்களைப் பரிசோதித்த அகிலா எழுதுகிறேன். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்களுடைய கண்ணீர்ப் படலம் எத்தனை நொடி உடையாமல் நிற்கிறது, அதற்கும் நாள் முழுக்கக் கண் சுகமாக இருப்பதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. உங்கள் ஊரில் நாற்பத்தொரு பேர் இதில் சேர்ந்திருக்கிறீர்கள். லென்ஸை நாங்கள் அனுப்புகிறோம். லென்ஸ் போட்டதும் ஒரு முறை, பாதியில் ஒரு முறை, கழற்றும் முன் ஒரு முறை, கண் எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை என மணியோடு குறித்து நீங்கள் தாள்களை அனுப்புகிறீர்கள்.

உங்கள் மூன்று மாதத் தாள்களும் கிடைத்தன. அவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு வாரங்கள் உங்கள் மதிப்பெண் தொண்ணூறில் தொடங்கி எழுபதில் முடிகிறது. மூன்றாவது வாரம் அதே தொண்ணூறு முப்பதுக்கு இறங்குகிறது. மறுபடி இரண்டு வாரம் எழுபது, மறுபடி முப்பது. ஒரே கண், ஒரே லென்ஸ், ஒரே வேலை. இப்படி முறை வைத்து மாறக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மேலும் எல்லாத் தாள்களும் ஒரே நீல மையில், ஒரே மாதிரி அழுத்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அன்றாடம் எழுதாமல் மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புகிறவர்களின் தாள்கள் இப்படி இருப்பதுண்டு.

தக்க விளக்கம் இல்லையென்றால் உங்கள் பதிவுகளை விலக்கிவிட்டு, லென்ஸ் அனுப்புவதையும் நிறுத்த வேண்டியிருக்கும். ஆய்வு முடியும்வரை பங்கேற்பாளர்களோடு தொலைபேசியில் பேச எனக்கு அனுமதியில்லை. எதுவானாலும் எழுத்தில் வந்து கோப்பில் சேர வேண்டும். பதிலைக் கடிதமாகவே அனுப்பவும்.

இப்படிக்கு,
அகிலா

*

நெய்வேலி
9 ஜூன் 2025

மேடம்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம்தான் வந்தது. உடனே எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன். அதனால் நாலைந்து நாள் ஆறப் போட்டு எழுதுகிறேன். இன்னும் முழுசாக ஆறவில்லை.

மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பினேனா? நான் வேலை செய்வது கன்வேயர் கன்ட்ரோல் ரூமில். சுரங்கத்திலிருந்து நிலக்கரி கொண்டுவரும் பெல்ட்டுகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று ஆறு திரைகளை எட்டு மணி நேரம் பார்க்கிற வேலை. ஒரு பெல்ட் நின்றால் எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது என்று லாக் புத்தகத்தில் அந்த நிமிஷமே ஏற்ற வேண்டும். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சும்மா இருந்தால் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் தனகோடி சார், "இன்னா, கனா கண்டுக்கினு இருக்கியா?" என்று ரூமே அதிரக் கத்துவார். தப்பாக எழுதினால் அழிக்கவும் கூடாது. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் புத்தகத்துக்கு அடியில்தான் உங்கள் தாளையும் வைத்திருக்கிறேன். ஒரே நீல மை என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். அங்கே இருப்பதே நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரே பேனாதான் மேடம்.

முப்பது போட்டதெல்லாம் நைட் ஷிஃப்ட் வாரம். கடைசி இரண்டு மணி நேரம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டமாதிரி உறுத்தும். வேண்டுமென்றே குறைத்துப் போட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் இருபத்தைந்துதான் போட்டிருக்க வேண்டும். மனசு வராமல் முப்பது என்று போட்டேன். என் தாளில் பொய் என்று இருந்தால் அது ஒன்றுதான்.

எனக்கு ஏன் லென்ஸ் என்று பிப்ரவரியில் நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் பவர் மைனஸ் ஏழு. பெல்ட் நின்றால் ஏசி ரூமிலிருந்து வெளியே ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். வெளியே கால் வைத்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து இரண்டு நிமிஷம் எனக்கு ஒன்றுமே தெரியாது. முகத்தில் தூசி மாஸ்க் வேறு. அதனால்தான் லென்ஸ்.

நான் கம்மாபுரம் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து, அதற்குப் பதிலாக வேலைக்கு வந்தவர்கள் உண்டு. எங்களுக்குக் கொடுக்க நிலம் இருந்ததில்லை. அப்பா செங்குட்டுவன் இருபது வருஷமாகக் கான்ட்ராக்டில் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளுகிறார். நான் டிப்ளமோ முடித்து, கான்ட்ராக்டில் அதே பெல்ட்டைத் திரையில் பார்க்கிற நாற்காலிக்கு வந்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பொம்பளை நான்தான். ஆகஸ்டில் பர்மனென்ட் ஆபரேட்டர் வேலைக்குக் கண் மெடிக்கல் இருக்கிறது. அதில் தேறாவிட்டால் அந்த நாற்காலி எனக்கு இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் லென்ஸை நிறுத்திவிடுவேன் என்கிறீர்கள். நிறுத்துங்கள், கடையில் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் எழுதியதைப் பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தமிழ்நிலா

*

சென்னை
17 ஜூன் 2025

அன்புள்ள தமிழ்நிலா,

தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் 'நைட் ஷிஃப்ட்' என்று படித்ததும் ஓடிப்போய்த் தாள்களை எடுத்துப் பரப்பினேன். முப்பது போட்ட வாரங்களில் மணி 10, 2, 6 என்று இருந்தது. காலை பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று நானாக எடுத்துக்கொண்டிருந்தேன். கன்ட்ரோல் ரூம் என்று நீங்கள் எழுதியிருந்ததை ஏதோ ஆபீஸ் என்று நினைத்துவிட்டேன். என் படிவத்தில் ஷிஃப்ட் என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஊரே ஷிஃப்டில் ஓடுகிற இடத்துக்கு வந்து, இரண்டு நாள் தங்கி, சங்கு ஊதுவதைக் காதால் கேட்டுவிட்டுத் திரும்பியும் எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களை மட்டும் அல்ல, நெய்வேலியில் பதினெட்டுப் பேரை இதே காரணத்துக்காக விலக்கி வைத்திருந்தேன். 'நெய்வேலிக்காரர்கள் அக்கறையில்லாமல் நிரப்புகிறார்கள்' என்று என் நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை இன்று பார்க்க எனக்கே கூசுகிறது. கிழிக்கலாம் என்று கை போனது. அப்புறம் நீங்கள் சொன்னமாதிரி ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் கண்ணில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டியது என் கடமை. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் கண்மேல் கண்ணீர் மெல்லிசாகப் பரவுகிறது. அதற்கு மேலே எண்ணெய்ப் பசையாக ஒரு அடுக்கு இருக்கிறது, பால்மேல் படிகிற ஆடை மாதிரி. கண்ணீர் காய்ந்துபோகாமல் அதுதான் காக்கிறது. லென்ஸ் அந்தப் படலத்தின் நடுவில் போய் உட்காருகிறது. அதனால் லென்ஸுக்கு மேலே நிற்கிற கண்ணீர் இன்னும் மெலிந்து, சீக்கிரம் உடைகிறது. கருவியில் வெள்ளை வளையங்களைப் பார்க்கச் சொன்னேனே, அந்த வளையம் உங்கள் கண்ணில் ஆறாவது நொடியில் கலைந்தது. திரையை உற்றுப் பார்க்கிறவர்கள் சிமிட்டுவதையே குறைத்துவிடுவார்கள். ஏசி காற்றும் தூக்கக் கேடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த முப்பது உண்மையான முப்பது.

ஒரு உதவி கேட்கலாமா? திரை பார்க்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறீர்கள் என்று ஷிஃப்டின் முதல் மணியிலும் ஆறாவது மணியிலும் யாரையாவது எண்ணச் சொல்ல முடியுமா? நம் சிமிட்டலை நாமே எண்ண முடியாது. எண்ணுகிறோம் என்று நினைத்தாலே மாறிவிடும்.

எட்டு மணி நேர வேலைக்கு நடுவில், எரிகிற கண்ணோடு, ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தவள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அன்புடன்,
அகிலா

*

நெய்வேலி
1 ஜூலை 2025

அகிலா மேடம்,

கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, "இன்னாடி, அந்தம்மா இன்னா எழுதிக்கீது? வூடே அமைதியா கீது?" என்று கேட்டாள். "தப்பு என்னுதுன்னு எழுதியிருக்காங்க" என்றேன். அம்மா நம்பவில்லை. "படிச்சவங்க அப்பிடி எழுத மாட்டாங்களே, சரியா படி" என்றாள். படித்துக் காட்டிய பிறகுதான் நம்பினாள். நானும் அப்போதுதான் நம்பினேன். எங்கள் ரூமில் தப்பை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட தனகோடி சார் தலைமேல் நின்று கத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் யாரும் சொல்லாமலே போட்டிருக்கிறீர்கள். அந்த விஷயத்தில் உங்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சிமிட்டல் கணக்கு எடுத்தாயிற்று. அது ஒரு பெரிய கூத்து. என்னோடு திரை பார்க்கிற சிலம்பரசனை எண்ணச் சொன்னேன். "யக்கா, நான் ஒன் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தா பெல்ட்ட யாரு பாப்பாங்க? அதுவுமில்லாம எம்பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா?" என்றான். ரூமே சிரித்தது. கடைசியில் சிலம்பரசன், பீல்டில் சுற்றுகிற குமரவேல் அண்ணனை ஒரு நிமிஷம் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு எண்ணினான். முதல் மணியில் பன்னிரண்டு. ஆறாவது மணியில் நான்கு.

நான் சும்மா இருக்காமல் சிலம்பரசனுக்கும் எண்ணினேன். அவனுக்கு லென்ஸ் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. அவனுக்கும் ஆறாவது மணியில் ஐந்துதான். உங்கள் தாளில் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து அவனையும் ஒரு வாரம் எழுத வைத்தேன். நைட் ஷிஃப்ட் கடைசியில் அவன் போட்டது நாற்பது. ஏதோ எனக்கு மட்டும்தான் கண் சரியில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இதுவரை கதை அளந்தேன்.

தனகோடி சார் தாளைப் பார்த்துவிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, முப்பது முப்பதுன்னு நீயே எழுதிக்கினு இருக்கியே, மெடிக்கல்ல இருக்கறவங்க கையில இது கெடைச்சா இன்னா ஆவும்? இந்தப் பொண்ணால எட்டு மணி நேரம் பாக்க முடியலன்னு அதுலயே கீதேன்னுவாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள்தான் அவர்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. உங்கள் ஆய்வு புத்தகமாக வரும். நெய்வேலி, கன்ட்ரோல் ரூம், நைட் ஷிஃப்ட், பெண் என்று போட்டால் அது யார் என்று இங்கே டீக்கடையில்கூடச் சொல்லிவிடுவார்கள். நம்பர் போட்டால் மறைந்துவிடுமா? ஆகஸ்ட் 6ஆம் தேதி மெடிக்கல். என் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்களா? பொய் இல்லை என்று அவ்வளவு சண்டை போட்டவள் இப்போது உண்மையைத் திருப்பிக் கேட்கிறாளே என்று நினைப்பீர்கள். நினையுங்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தமிழ்நிலா

*

சென்னை
8 ஜூலை 2025

அன்புள்ள தமிழ்நிலா,

உங்கள் தாள்கள் எல்லாவற்றையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் அசல். நகல் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. கணினியில் ஏற்றியதையும் எடுத்துவிட்டேன். விலகல் படிவம் ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. இது நான் செய்கிற உபகாரம் இல்லை, உங்கள் உரிமை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று நீங்கள் முதலில் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்வு உங்களுடையது, நாற்காலி உங்களுடையது. மெடிக்கலில் நீங்கள் என்ன சொன்னாலும் என் மனசில் உங்கள் இடம் குறையாது.

பதினெட்டுப் பேரை நான் விலக்கிய கதையை ஆய்வுக் குழுவில் சொல்லிவிட்டேன். என் நெறியாளர் குஞ்சிதபாதம் சாருக்குக் கொஞ்சம் வருத்தம். "மீதி இருபத்து மூணு பேர வச்சே முடிச்சிருக்கலாமேம்மா, நீயா எதுக்குப் போய்ச் சொன்ன?" என்றார். மறுபடி நெய்வேலி வந்து எல்லாரையும் ஷிஃப்டோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஆய்வு எப்படிப் போனாலும் உங்கள் கண்ணுக்காகச் சிலது சொல்கிறேன். நைட் ஷிஃப்ட் வாரத்தில் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். மாஸ்க்கின் மேல் விளிம்பை மூக்கோடு ஒட்டுகிறமாதிரி அழுத்திவிட்டால் மூச்சுக்காற்றால் படிகிற ஆவி குறையும். ஏசியிலிருந்து வெளியே போனதும் படிகிற ஆவிக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அது கலையும்வரை நிற்கத்தான் வேண்டும். மற்ற ஷிஃப்டில் லென்ஸோடு விடக்கூடிய சொட்டு மருந்தின் பெயரைத் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். சிமிட்டும்போது இமை இரண்டும் முழுசாகத் தொட வேண்டும். பாதிச் சிமிட்டல் பிரயோசனமில்லை. லென்ஸோடு தூங்கவே தூங்காதீர்கள்.

லென்ஸே போடாத சிலம்பரசனுக்கும் எண்ணிப் பார்த்தீர்களே, அது எனக்குத் தோன்றவே இல்லை. லென்ஸால் வருகிறது எவ்வளவு, வேலையால் வருகிறது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அதுதான் வழி. நான்கு வருஷத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. நீங்கள் ஒரு ஜெராக்ஸில் முடித்துவிட்டீர்கள். பொறாமையாகக்கூட இருக்கிறது.

ஆறாம் தேதி நல்லபடியாக நடக்கட்டும்.

அகிலா

*

நெய்வேலி
28 ஆகஸ்ட் 2025

அகிலா,

மேடம் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நமக்குள் இனி அது எதற்கு?

முதலில் மெடிக்கலைச் சொல்கிறேன். பதினொரு பேர் போனோம். எழுத்து வாசித்தது, நிறம் பார்த்தது எல்லாம் தேறிவிட்டேன், கண்ணாடியோடு. கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: வேலை நேரத்தில் கண் தொந்தரவு உண்டா? ஆம், இல்லை. 'இல்லை' போட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று எல்லாரும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எனக்கு முன்னால் போன மூன்று பேரும் அப்படித்தான் போட்டார்கள். உங்கள் விலகல் படிவம் என் பையில்தான் இருந்தது, கையெழுத்துப் போடாமல். அதுவரை எனக்கு முடிவு தெரியவில்லை.

பேனாவை வைத்ததும் கை 'இல்லை' பக்கம் போகவே மாட்டேன் என்றது. ஆறு வருஷமாக லாக் எழுதின கை அகிலா அது. ஓடாத பெல்ட்டை ஓடுகிறது என்று எப்படி எழுதும்? 'ஆம்' போட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "எப்ப?" என்றார். "நைட் ஷிஃப்ட்ல ஆறாவது மணிக்கு மேல சார். லென்ஸ் போட்டா எனக்கு முப்பது. லென்ஸே போடாத ஆளுக்கும் நாப்பதுதான்" என்று தாள்களை எடுத்து வைத்தேன். புரட்டிப் பார்த்தார். "இத நான் எழுதுனா உனக்குப் பாதகமா போகலாம், தெரியுமா?" என்றார். "தெரியும் சார்" என்றேன். அவர் பார்த்துக் கொடுத்த தாள்களை அடுக்கிப் பையில் வைத்தேன்.

வெளியே வந்து பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னேன். யாரையும் மாற்றச் சொல்லவில்லை. என்ன போட்டேன் என்று மட்டும் சொன்னேன். சிலம்பரசன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் யக்கா இப்பிடிப் பண்ண? மண்ண அள்ளிப் போட்டுக்கினியே" என்றான். அப்புறம் அவன் முறை வந்தது. உள்ளே போனான். வந்து, "நானும் ஆமான்னு போட்டுட்டேன். நீ மட்டும் எதுக்கு மாட்டணும்?" என்றான். அதற்கப்புறம் போனவர்கள் ஒவ்வொருவராக 'ஆம்' போட்டார்கள். முதலில் போன மூன்று பேரில் சிங்காரவேலு அண்ணன், வீட்டுக்குக் கிளம்பினவர், வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி உள்ளே போனார். 'இல்லை' மேல் ஒரு கோடு போட்டு, 'ஆம்' எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மற்ற இரண்டு பேரும் அவர் பின்னாலேயே போனார்கள். பதினொரு படிவத்திலும் 'ஆம்'. டாக்டர், தனகோடி சாருக்குப் போன் போட்டு, "என்னய்யா, சொல்லி வச்சு அனுப்பினீங்களா?" என்றாராம். சார் சொன்னாராம்: "இல்ல சார். எனக்கும் அப்பிடித்தான் இருக்கும். இருபத்தாறு வருஷமா நான் சொல்லல, அவ்ளோதான்."

பதினொரு பேருக்கும் ஒரே தொந்தரவு என்றால் குறை கண்ணில் இல்லை, வேலை முறையில்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். அதனால் இந்த மாதத்திலிருந்து எங்கள் ரூமில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருத்தரே திரை பார்க்கக்கூடாது. குமரவேல் அண்ணனையும் சேர்த்து மூன்று பேர் மாறி மாறி உட்காருகிறோம். நைட் ஷிஃப்டில் நான் கண்ணாடிதான். வெளியே ஓட வேண்டுமென்றால் கண்ணாடி போடாத ஆள் ஓடுகிறான், நான் திரையில் இருக்கிறேன். போன வாரம் ஆறாவது மணியில் எண்ணினோம். ஒன்பது.

தாள்கள் எல்லாம் இதோடு வருகின்றன. திரும்பவும் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆய்வில் சேராத எட்டுப் பேரும் அவர்களாகவே எழுதிய தாள்களும் இருக்கின்றன. ஒரு தாளில் டீ கொட்டியிருக்கிறது, சிலம்பரசன் வேலை. நெய்வேலிக்கு மறுபடி வரும்போது சமுதாயக் கூடத்தில் தங்க வேண்டாம், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். "ஒரு வருசம் போச்சேன்னு அந்தப் பொண்ணு வருத்தத்துல இருக்கும், கூட்டியாந்து நாலு நாள் நல்லா சோறு போடணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உங்கள் வீட்டில் சொல்லிவிட்டீர்களா? சொல்லிவிடுங்கள். ஒன்றும் ஆகாது.

பட்டியல் நேற்று ஒட்டினார்கள். நான் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். அப்பாதான் வேலைக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகாமல் சைக்கிளைத் திருப்பி வீட்டுக்கே வந்துவிட்டார். இருபது வருஷத்தில் அவர் அப்படித் திரும்பி வந்ததில்லை. வாசலில் நின்றுகொண்டு, "பதினோரு பேரும் இருக்குதும்மா. நீ நாலாவதா இருக்கற. பர்மனென்ட்டுன்னு போட்டிருக்கு" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

லென்ஸ் போட்டிருக்கவில்லை அகிலா. அதனால் கண்ணைக் கசக்கிக் கசக்கி, ஆசை தீர அழுதேன்.

தமிழ்நிலா